முன்வயலில் வெள்ளைக் காளைகள்

அத்தியாயம் பதினொன்று

விடிந்ததும் அடுக்களை ஜன்னல் திரையை விலக்கிய பிரீஜ், முன்வயலைப் பார்த்துவிட்டு உடனே திரையை மூடினாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி விலக்கினாள்.

காளைகள் அங்கேதான் நின்றன. வெண்ணெய் நிறத்தில், கொழுகொழுவென்று, ஐப்பசிக் குளிரில் புகை புகையாக மூச்சு விட்டுக்கொண்டு ஒரு மந்தையே நின்றது.

அவை அவர்கள் வீட்டு மாடுகள் இல்லை. அவள் புருஷன் யூஜினுக்குச் சொந்தமானவை கொட்டகைக்குப் பின்னால் கோரைப்புல்லில் முழங்கால் புதைய நிற்கும் சில கறுப்புப் பசுக்களும் அவற்றின் கன்றுகளும்தான். அதிலும் ஒன்றுக்குக் கால் சரியில்லை. வெண்ணெய் நிறக் காளைகள் அயர்லாந்தின் இந்த லீட்ரிம் சரிவில் ஒரே ஒருவரிடம்தான் உண்டு. மேட்டு வீட்டில் இருக்கும் யூஜினின் அண்ணன் ஃபீலிமிடம்.

"யூஜின்" என்று குளியலறைப் பக்கம் குரல் கொடுத்தாள். "ஃபீலிமோட மாடு நம்ம வயல்ல என்ன பண்ணுது?"

யூஜின் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தான். "நிக்குது."

"நிக்கிறது எனக்கும் தெரியுது. ஏன் நிக்குது?"

"பூசைக்கு ஊரே வருது. வாசல்ல கோரையும் அந்த நொண்டிக் கறுப்பியும் நின்னா நல்லாவா இருக்கும்? ரெண்டு நாளைக்கு விடுன்னு ஃபீலிம்கிட்டே கேட்டேன். கேட்ட வாய் மூடலை, அவனே ஓட்டிக்கிட்டு வந்து விட்டுட்டான்."

"சரி. சாயங்காலம் யாரு வர்றாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

யூஜின் நுரையோடு தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். "அதுக்குள்ள ஓட்டிவிட்டுடறேன்" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

பிரீஜுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வறட்டுக் கௌரவத்தில் அந்தக் குடும்பத்து ஆண்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

யூஜின் கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்ட கதையை நாம் பார்த்தோம். கல் குவாரியில் லாரி ஓட்டிக் கிடைத்துக்கொண்டிருந்த காசு அன்றோடு நின்றது. கறுப்புப் பசுக்கள் போட்ட கன்றுகளைச் சந்தையில் விற்று வந்த வரும்படி, அவை தின்ற தீவனத்துக்கே சரியாகப் போயிற்று. அந்த நேரம் பார்த்து மரக் கம்பெனிக்காரன் வந்தான். முன்வயலையும் அதை ஒட்டிய சரிவையும் கொடுங்கள், ஊசியிலை மரம் வைத்துக்கொள்கிறோம் என்றான். வரும் சனிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தான்.

மரம் வைத்த நிலம் திரும்ப வயலாகாது. வெட்டினாலும் மறுபடி மரம்தான் வைக்க வேண்டும், சட்டம் அப்படி. பக்கத்துப் பள்ளத்தாக்கில் மர இருட்டில் மத்தியானமே விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வீடுகளை பிரீஜ் பார்த்திருக்கிறாள். மகள் ஓர்லா, மோகில் ஊர் மாட்டு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே, என்றைக்காவது இந்தப் பண்ணையைத் தானே எடுத்து நடத்தப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருப்பவள். "மரத்துக்கு நடுவுல நான் என்ன அணில் வளர்க்கவா?" என்று அவள் கேட்ட அன்றுதான் பிரீஜ் துணிந்தாள். வருமானம் போதாத விவசாயிகளுக்கு அரசாங்கம் வாராவாரம் கொடுக்கிற உதவிப்பணத்துக்கு விண்ணப்பம் போட்டாள்.

யூஜின் கையெழுத்துப் போட்டான். ஒரே ஒரு நிபந்தனை. ஊரில் ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியக்கூடாது.

இன்று சாயங்காலம்தான் அந்த நலத்துறை அதிகாரி வீட்டுக்கு வருகிறார். நிலம் எவ்வளவு, மாடு எத்தனை, வீட்டுக்கு வேறு என்ன வருகிறது என்று நேரில் பார்த்து எழுதிக்கொண்டு போவார். அவர் எழுதுவதை வைத்துத்தான் முன்வயல் தங்குமா போகுமா என்பது.

கெட்ட நேரம், இன்றைக்கே முறைப் பூசையும் வந்து சேர்ந்தது.

வசந்தத்தில் ஒரு தடவை, இலையுதிர்ப் பருவத்தில் ஒரு தடவை, ஊரில் யாராவது ஒருவர் வீட்டில் ஃபாதர் வந்து பூசை வைப்பார். வீட்டுக்கு வீடு முறை சுற்றி வரும். ஒரு வீட்டுக்கு மறுபடி வருவதற்குள் பிள்ளைகள் வளர்ந்து கல்யாணமே ஆகிவிடும். முறை வந்துவிட்டால் வீட்டுக்கு பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும். அடிக்காமல் விட்ட ஒரு மனுஷரைப் பற்றி ஊரில் இன்னும் பேசுகிறார்கள். அவர் செத்தே பல வருஷம் ஆகிறது. செவ்வாய்க்கிழமை நடந்திருக்க வேண்டிய பூசையை, ஃபாதருக்கு ஒரு அடக்கச் சடங்கு வந்ததால் இன்றைக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

ஆக, காலையில் ஊரார் முன்னால் குறைவில்லாத வீடாக இருக்க வேண்டும். சாயங்காலம் அரசாங்கத்தின் முன்னால் குறையுள்ள வீடாக இருக்க வேண்டும். நடுவில் சாப்பிட்ட பாத்திரத்தையும் கழுவ வேண்டும்.

"முடியும்" என்று பிரீஜ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏப்ரனைக் கட்டினாள். அவளால் முடியாதது என்று அந்த வீட்டில் இதுவரை ஒன்றும் இருந்ததில்லை.

பூசைக்கு வீடு நிரம்பிவிட்டது. பக்கத்து வீட்டு கான்செப்டா மல்வி தன் வீட்டு நாற்காலிகளை நேற்றே கொடுத்தனுப்பியிருந்தாள். இப்போது அதில் ஒன்றிலேயே உட்கார்ந்து, பெயிண்ட் அடித்த சுவரை ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருந்தாள். மேஜை மீது ஃபீலிம் கொண்டுவந்த வெள்ளித் தேநீர்க் கெண்டி பளபளத்தது. காலமான அவர் மனைவியின் சீதனம் அது. பூசை, ஞானஸ்நானம், சாவு எதுவானாலும் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு அவர் வீட்டு அலமாரிக்குத் திரும்பிவிடும்.

அடுக்களை மேஜையே பீடமானது. ஃபாதர் அன்செல்ம் பூசை வைத்தார். எல்லாரும் நற்கருணை அப்பம் வாங்கினார்கள். கடைசியில் வழக்கம்போல அடுத்த முறை யாருடையது என்று கேட்டார்.

எல்லார் தலையும் ஃபீலிம் பக்கம் திரும்பியது. இந்த வீட்டை அடுத்து மேட்டு வீடுதான்.

"பார்க்கலாம் ஃபாதர்" என்றார் ஃபீலிம்.

"என்ன பார்க்கிறது?" என்றாள் கான்செப்டா. "உன் வீட்டு முறைதானே? பெயிண்டுக்குக் காசு இல்லையா? மாட்டை வித்தா மாதா கோயிலுக்கே அடிக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். ஃபீலிமும் சிரித்துக்கொண்டே சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பிரீஜ் அதைப் பார்த்தாள். ஆனால் அடுப்பில் பன்றிக்கறி வெந்துகொண்டிருந்ததால் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

தேநீர் ஊற்ற ஆரம்பித்தபோதுதான் வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

நெட்டையாக, மழைக்கோட்டும் கக்கத்தில் ஒரு ஃபைலுமாக ஒருவர் இறங்கினார். வாசல் நிறையக் கார்கள் நிற்பதைப் பார்த்துத் தயங்கினார். முன்வயலைப் பார்த்தார். நின்று, இன்னொரு தடவை பார்த்தார்.

வந்திருப்பது நலத்துறை அதிகாரி என்று பிரீஜுக்குப் புரிந்துவிட்டது. கெண்டியை ஓர்லா கையில் திணித்துவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

"மிஸ்டர் டெவேனியா? நாலு மணிக்குன்னு சொல்லியிருந்தீங்களே."

"காலையில போக வேண்டிய வீடு தள்ளிப்போச்சு. போன் பண்ணினேன், நீங்க எடுக்கலை." அவர் குரலைத் தாழ்த்தினார். "விசேஷம் போல இருக்கு. நான் அப்புறம் வர்றேனே."

போகச் சொல்லத்தான் பிரீஜ் வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னாலிருந்து ஃபாதரின் கனத்த குரல் வந்தது. "மழையில யாரை நிக்க வச்சிருக்கீங்க? உள்ளே வாங்க, உள்ளே வாங்க."

அவ்வளவுதான். பூசை வீட்டு வாசலில் வந்தவனைத் திருப்பி அனுப்பினால் அடுத்த பத்து வருஷம் அதுதான் பேச்சு. டெவேனி ஃபைலைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு உள்ளே வந்தார். கான்செப்டாவின் புருஷன் டாமி சட்டென்று எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். யாரோ தட்டை நீட்டினார்கள். கான்செப்டா ஆப்பிள் பை என்ற பலகாரத்தில் ஒரு துண்டை வெட்டி, கேட்காமலேயே அதன் மேல் கிரீமையும் ஊற்றி அவர் தட்டில் வைத்தாள்.

அப்புறம் எல்லாரும் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

இதுதான் விசித்திரம். லீட்ரிமில் தெரியாத முகம் ஒன்று கதவைத் தாண்டினால், கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, அம்மா எந்தக் குடும்பம் என்று மூன்று தலைமுறையைக் கறந்துவிடுவார்கள். நைஜீரியாவிலிருந்து வந்த ஃபாதர் அன்செல்மையே விடவில்லை. அவருடைய பாட்டி பெயர் இன்றைக்கு ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்த மனுஷரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கான்செப்டாகூட!

பதற்றத்தில் இருந்த பிரீஜுக்கு அது உறைக்கவில்லை. அவள் கண்ணெல்லாம் யூஜின் மேல்தான் இருந்தது. வந்திருப்பவர் யார் என்று அவனுக்கும் புரிந்துவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை.

டெவேனி ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார். வேலையாகக் கேட்டாரா, பேச்சுக்குக் கேட்டாரா, தெரியாது. "நல்ல மாடுங்க" என்றார்.

வானிலைப் பேச்சு நின்றது.

"ம்" என்றான் யூஜின்.

"உங்களோடதா?"

அறையில் ஊரே உட்கார்ந்திருந்தது. யூஜின் கரண்டியை எடுத்தான், வைத்தான். பிரீஜ் அடுப்படியிலிருந்து கண்ணாலேயே கெஞ்சினாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை.

"பின்ன?" என்றான்.

டாமி மல்வி தேநீர் புரையேறி இருமினார். ஃபீலிம் தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தார். டெவேனி "ஓ" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆப்பிள் பையைச் சாப்பிட ஆரம்பித்தார்.

பிரீஜ் புருஷனின் முழங்கையைப் பிடித்து, சிரித்த முகத்தோடு எல்லாருக்கும் நடுவே நடத்திக் கூட்டிக்கொண்டு போய், சாமான் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். ஓர்லாவும் பின்னாலேயே நுழைந்துகொண்டாள்.

"உனக்குப் பைத்தியமா?" என்றாள் பிரீஜ்.

"எல்லாரும் கேட்டுக்கிட்டிருந்தாங்க. நான் என்ன சொல்றது?"

"இல்லைன்னு சொல்றது."

"அப்பா" என்றாள் ஓர்லா, "ஒவ்வொரு மாட்டு காதுலயும் நம்பர் தொங்குது. அவர் ஆபீஸ்ல போய்க் கம்ப்யூட்டர்ல தட்டினா யார் மாடுன்னு வந்துடும். நீங்க பொய் சொன்னதும் சேர்ந்து வந்துடும். வறுமைன்னு கொடுக்க வேண்டியதையும் பொய்யின்னு மறுத்துடுவாங்க."

யூஜின் உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டான். "எங்கப்பா இதே உதவிக்குக் கையெழுத்துப் போட வாராவாரம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார். ரோட்டு வழியா போக மாட்டார். யாரும் பார்க்கக்கூடாதுன்னு பின்பக்கம் சதுப்புல இறங்கி, முழங்கால் சேத்தோட போவார். நான் பின்னாடியே போயிருக்கேன். அந்தச் சேறு இன்னும் என் கால்ல ஒட்டிக்கிட்டிருக்கு பிரீஜ்."

அவளுக்கு மனசு கரைந்தது. ஆனால் கரைவதற்கு இது நேரமில்லை.

"கேளு" என்றாள். "கூரையிலேர்ந்து விழுந்தப்ப நாலு பேர் சேர்ந்து உன்னைக் கதவுப் பலகையில வச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. அப்ப வெட்கப்பட்டியா? டாமி ஒரு மாசம் நம்ம மாட்டுக்குத் தீவனம் போட்டார். அதுக்கு வெட்கப்பட்டியா? நீ உழைக்கலைன்னு யாராவது சொன்னா அவங்க நாக்கை நானே அறுப்பேன். நம்ம மண்ணு கொடுக்கலை, சந்தை கொடுக்கலை. அதுக்குத்தான் இந்தப் பணம். எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. எனக்கு வேணும்கிறது அந்த வயல். இவளுக்கு வேணும்கிறதும் அந்த வயல்."

யூஜின் மகளைப் பார்த்தான். அவள் ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் அப்பா மாதிரியே முகத்தை இறுக்கி வைத்திருந்தாள்.

"இப்ப போய்ச் சொன்னா ஊர் முழுக்கத் தெரிஞ்சுடும்" என்றான் யூஜின்.

"தெரியட்டுமே" என்றாள் பிரீஜ். "தெரிஞ்சு என்ன, நம்ம வீட்டு ஆப்பிள் பை புளிச்சுடுமா?"

யூஜின் மூச்சை இழுத்து விட்டு எழுந்தான். கதவைத் திறந்தான். பிரீஜ் பின்னாலேயே போனாள். அவன் மறுபடி வானிலையைப் பற்றிப் பேசி விடுவானோ என்று உள்ளூர ஒரு பயம் இருக்கத்தான் செய்தது.

அவன் நேரே போய் டெவேனியின் முன்னால் நின்றான்.

"அந்த மாடுங்க என்னோடது இல்லை" என்றான். எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். "எங்கண்ணன் ஃபீலிமோடது."

டெவேனி கரண்டியை வைத்தார். ஒரு மாதிரி தர்மசங்கடத்தோடு சுற்றிலும் பார்த்தார். "அதை நாம தனியா..."

"தனியா வேண்டாம். இங்கேயே கேளுங்க."

"சரி. அப்ப புல்லுக்கு வாடகை வாங்கிக்கிட்டு விட்டிருக்கீங்களா? அதுவும் வருமானம்தான், எழுதணும்."

"இல்லை. பந்தாவுக்கு நிறுத்தியிருக்கேன்."

யாரோ களுக்கென்றார்கள். யூஜின் திரும்பி ஊரைப் பார்த்தான். காது சிவந்திருந்தது, குரல் மட்டும் உறுதியாக இருந்தது. "இவர் நலத்துறையிலேர்ந்து வந்திருக்கார். நான் உதவிப்பணத்துக்கு விண்ணப்பிச்சிருக்கேன். இடுப்பு போச்சு, குவாரி வேலை போச்சு, மாட்டுல ஒண்ணும் நிக்கலை. இதுதான் விஷயம். இனிமே யாரும் யாரையும் கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியதில்லை."

பிரீஜ் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

கான்செப்டாதான் முதலில் பேசினாள். "யூஜின், அந்த ஆளுக்கு ஆப்பிள் பை மேல கிரீம் பிடிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்னு நினைக்கிறே?"

யூஜின் விழித்தான்.

"மூணு வருஷமா எங்க வீட்டுக்கு வர்றார்" என்றாள் கான்செப்டா. "டாமிக்கு அந்தப் பணம் இல்லைன்னா இந்த நாற்காலியெல்லாம் எப்பவோ விறகாயிருக்கும்."

"எங்க வீட்டு நாய் அவரைக் கடிச்சிருக்கு" என்றார் மூலையிலிருந்து ஒரு கிழவர். "வலது காலா இடது காலா, மிஸ்டர் டெவேனி?"

"இடது" என்றார் டெவேனி. முகமெல்லாம் சிவந்து போயிருந்தார். "நான் யாரைப் பத்தியும் யார்கிட்டேயும் வாயைத் திறந்ததில்லை. அதைச் சொல்லிடறேன்."

"நீங்க திறக்கலை. நாங்களும் திறக்கலை" என்றாள் கான்செப்டா. "அவரவர் வீட்டுல அவரவர் திரையை இழுத்துவிட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். இன்னொண்ணும் சொல்றேன் யூஜின். உங்கப்பா சதுப்பு வழியா ஸ்டேஷனுக்குப் போவாரே, எங்கப்பாவும் அதே வழியாத்தான் போனார். பாதி ஊரு அந்தச் சேத்துலதான் போச்சு. ஒருத்தரையொருத்தர் பார்த்தா, காணாமப் போன மாட்டைத் தேடறேன்னு சொல்லிப்பாங்களாம். எல்லா மாடும் கொட்டகையில படுத்திருக்கும்."

வீடே அதிர்ந்தது. ஃபாதர் அன்செல்ம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். டாமிக்கு இரண்டாம் முறையாகப் புரையேறியது. யூஜின் முதலில் சிரிக்கவில்லை. அப்புறம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று பிரீஜ் நினைத்தாள்.

"அப்ப மாடு ஃபீலிமோடதுன்னு..." என்று இழுத்தான்.

"ரோட்டுல வரும்போதே தெரிஞ்சுது" என்றார் டாமி. அன்று அவர் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

அதன் பிறகு காரியம் சுளுவாக நடந்தது. டெவேனி ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு யூஜினோடும் பிரீஜோடும் கொட்டகைக்குப் பின்னால் போனார். கறுப்புப் பசுக்களைப் பார்த்தார். நொண்டிக் கறுப்பி அவர் கோட்டு நுனியை மென்றுவிட்டாள். கோரை மண்டிய நிலத்தில் காலை வைத்து, பூட்ஸ் உள்ளே இறங்குவதை அவரே பார்த்துக்கொண்டார். கேட்டதற்கெல்லாம் யூஜின் நேராகப் பதில் சொன்னான். ஒரு தடவைகூட பிரீஜைத் திரும்பிப் பார்க்கவில்லை.

காருக்குப் போகும்போது பிரீஜ் மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டாள். "வீடெல்லாம் புது பெயிண்டா இருக்கேன்னு நினைக்காதீங்க."

"முடிவு சொல்றது நான் இல்லை" என்றார் டெவேனி. "பார்த்ததை எழுதுறதுதான் என் வேலை. பெயிண்ட் வாசனையெல்லாம் வருமானத்துல சேராது." கதவை மூடுவதற்கு முன் தலையை வெளியே நீட்டினார். "முறைப் பூசைன்னா என்னன்னு எனக்குத் தெரியும். எங்கம்மா கடன் வாங்கின பியானோவையே கொண்டுவந்து வச்சாங்க. வீட்டுல யாருக்கும் வாசிக்கத் தெரியாது."

அவர் கார் வளைவில் மறைந்ததும் யூஜின் போனை எடுத்தான். சனிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. முற்றத்தில் நடந்துகொண்டே மரக் கம்பெனிக்காரனிடம் பேசினான். "முன்வயல் விற்பனைக்கு இல்லை. சரிவும் இல்லை. இல்லை, யோசிக்க ஒண்ணும் இல்லை. எங்க வீட்டுல விவசாயம் பண்ண ஆள் இருக்கு."

படியில் நின்றிருந்த ஓர்லா ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். "இடுப்பு, இடுப்பு" என்று அவன் கத்தினான். அவள் விடவில்லை.

பிரீஜ் முகத்தை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். டெவேனி எழுதியது என்னவாகுமோ, ஆனால் தன் வீட்டில் பாதி வேலை முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மத்தியானத்துக்குள் வீடு காலியானது. நாற்காலிகள் மல்வி வீட்டுக்குப் போயின. பிரீஜ் வெள்ளிக் கெண்டியைக் கழுவித் துடைத்து, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். ஃபீலிம் முன்வயல் வேலி மேல் கையை ஊன்றிக்கொண்டு தன் காளைகளைப் பார்த்தபடி நின்றார். எல்லாரும் போன பிறகும் அவர் போகவில்லை.

"உங்க கெண்டி" என்றாள். "மறந்துட்டீங்க."

"மறக்கலை. உன்கிட்டேயே இருக்கட்டும்."

"எதுக்கு? அடுத்த பூசை உங்க வீட்டுல. அங்கேதானே வேணும்?"

பிரீஜ் அவர் பக்கத்தில் போய் நின்றாள். "மாட்டையாவது ஓட்டிக்கிட்டுப் போங்க. வந்தவருக்குத்தான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே."

"ஓட்டிக்கிட்டு எங்கே போறது பிரீஜ்?" என்றார் ஃபீலிம்.

சாதாரணமாகத்தான் சொன்னார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். காலையில் அடுப்படியில் பாதியில் விட்ட யோசனை இப்போது முழுசாக வந்து நின்றது. கேட்ட வாய் மூடுவதற்குள் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தது. ஃபாதரிடம் பார்க்கலாம் என்றது. இந்தக் கெண்டி.

"மேட்டு நிலத்தை..." என்றாள்.

"நிலம், வீடு, கொட்டகை எல்லாம். செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட்டுட்டேன். அந்த மரக் கம்பெனிக்குத்தான்." அவர் வேலியிலிருந்து ஒரு சிராயைப் பிய்த்தார். "பையன் கனடாவிலேர்ந்து வரமாட்டேன்னு சொல்லிட்டான். ராத்திரியில அந்த வீட்டுல பேச்சுக்கு ஆளில்லை. உதவிப்பணம் கேட்கலாம்னு எனக்குத் தோணவே இல்லை. என் மாட்டைப் பார்த்து எல்லாரும் பணக்காரன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்களா, நானும் அதை நம்பிக்கிட்டிருந்துட்டேன். மந்தையில பாதி பாங்கோடது. இன்னைக்கு உள்ளே கான்செப்டா பேசினப்ப என்ன நினைச்சேன் தெரியுமா? இந்தப் பூசை செவ்வாய்க்கிழமையே நடந்திருக்கக்கூடாதான்னு நினைச்சேன்."

செவ்வாய்க்கிழமை. பூசை நடந்திருக்க வேண்டிய நாள் அதுதான்.

"யூஜின்கிட்டே சொல்லாதே" என்றார் ஃபீலிம். "இன்னைக்கு வேண்டாம். இன்னைக்குத்தான் நிமிர்ந்து நிக்கிறான்."

வீட்டுக் கதவு திறந்தது. யூஜின் கைக்கொரு பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு, இடுப்பு வலியையும் மறந்து, சிரித்துக்கொண்டே வந்தான்.

"ஃபீலிம், இதோ பாரு, மிச்சம் இருக்கு. உன் முன்சுவருக்குத் தாராளமா போதும். வசந்தம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நாளைக்கே நானும் ஓர்லாவும் வந்து அடிச்சுத் தர்றோம்."

ஃபீலிம் வயல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெண்ணெய் நிறக் காளைகள் தலையைத் தூக்காமல் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு எந்தப் புல்லானாலும் ஒன்றுதான்.

பிரீஜ் கெண்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். சாத்திய கதவுக்குப் பின்னால் ஒருவருக்கொருவர் மறைத்து வாழ்ந்ததெல்லாம் இன்று காலையோடு முடிந்தது என்று அவள் நினைத்திருந்தாள். அதை மறுபடி ஆரம்பிக்க அவள் தயாராக இல்லை.

"டப்பாவைக் கீழே வை யூஜின்" என்றாள். "ரெண்டு பேரும் உள்ளே வாங்க. தண்ணி கொதிக்குது. பேச வேண்டியது இருக்கு."